காதுக்கு வழிவிட்ட மழைக்கோட்டு

மெஹர் அக்காவைப் பற்றி நான் பார்த்ததையும் கேட்டதையும் மட்டுமே இங்கே உண்மையாக எழுதப்போகிறேன். அழகுக்காக ஒரு வரி சேர்த்தால்கூட, "இது அவங்க சொன்னதா, நீயா சொல்றதா?" என்று கேட்கக்கூடியவர் அவர்.

செய்தி வந்தபோது நான் பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருந்தேன். அம்மா வாசலில் வந்து நின்றார். தையல் கடையின் அளவுநாடா அவர் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. "அக்கா போயிட்டாங்கடி. வெள்ளனே தொழுகைக்கு எந்திரிச்சவங்க அப்படியே சாஞ்சுட்டாங்க" என்றார்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். மெஹர் அக்கா கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தவர். அவருடைய அத்தா இறந்தபின், கொடைக்கானல் பஜாரிலிருந்த குடைக்கடையை நடத்த வந்தார். சுற்றுலா வருகிறவர்கள் மலிவான ஜெர்கின் வாங்கிப் போவதைப் பார்த்து ஒருநாள் சொன்னார்: "இவங்க ரெண்டு நாள் நனைஞ்சுட்டு ஊருக்குப் போயிருவாங்க. இங்கனயே நனையுறவங்களுக்கு யாரு தைக்கிறது?"

அப்படித்தான் பெரும்பாறையில் காப்பிப் பழம் பறிக்கும் பெண்களுக்கு மழைக்கோட்டு தைக்கும் வேலை தொடங்கியது. தோட்டத்து மேனேஜர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: பெண்கள் விரும்பிப் போட்டுக்கொண்டால்தான் அடுத்த ஆர்டர். இல்லையென்றால் பழையபடி பிளாஸ்டிக் தாள்தான். கடைக்குள் தையல் மிஷின்கள் வந்ததே இந்த வேலையை நம்பித்தான். அதில் ஒன்றில் என் அம்மா உட்கார்ந்திருந்தார்.

அக்கா முதலில் துணியைத் தொடவில்லை. தங்கத்தையும் கூடப் பறிக்கும் பெண்களையும் டீக்கடையில் உட்கார வைத்து, மழைக்கு எப்படிப்பட்ட கோட்டு வேண்டும் என்று கேட்டோம். ஒட்டுப்பலகை ஒன்றில் பெரிய வீடு ஒன்றை வரைந்தார். வீட்டின் இடது பக்கத்தில் அந்தப் பெண்கள் கேட்பவை. மேலே, நாம் மாற்றக்கூடியவை: துணி, எடை, நீளம், தையல். நடுக்கட்டங்களில், எதற்கு எதோடு எவ்வளவு தொடர்பு என்ற குறிகள். உச்சியில் முக்கோணமாகக் கூரை. ஒன்றைக் கூட்டினால் எது கெடும் என்பதைக் காட்டுவதுதான் அந்தக் கூரையின் வேலை. என் கையெழுத்து நன்றாக இருந்ததால் எழுதும் சோலி எனக்கு வந்தது. "எடை குறைவாக இருக்க வேண்டும்" என்று எழுதினேன். அக்கா உடனே அழித்தார்.

"தங்கம் என்ன சொன்னா?"

"'தோள்ல பேய் உக்காந்த மாதிரி இருக்கக் கூடாது'ன்னு சொன்னாங்க."

"அப்ப பேயை எழுது. நீ எடைன்னு மாத்திட்டா பேய் எங்க போகும்?"

பேயை எழுதினேன். எனக்கு அது பிடித்துப்போயிற்று!

முதல் கோட்டுகள் அருமையாக இருந்தன. இலேசானவை, முழங்காலுக்குக் கீழே இறங்கியவை, தலையையும் காதையும் இறுக்கி மூடும் தொப்பி வைத்தவை. சில நாளில் மூட்டையாகத் திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் தொப்பியை மட்டும் கத்தியால் அறுத்திருந்தார்கள்.

துணி வெட்டும் காசிம் பாய் கொதித்துப்போனார். "ராத்திரி பகலா தைச்சா, கோழி அறுக்குற மாதிரி அறுத்து வச்சிருக்காளுக!"

அக்கா ஒவ்வொன்றாக எடுத்து விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் பரிசு கிடைத்ததுபோல் மலர்ந்தது. "பாய், எல்லாரும் ஒரே எடத்துல அறுத்திருக்காங்க பாருங்க! இது கோவம் இல்ல, பதில். வெரசா கெளம்புங்க!"

அந்தச் சனிக்கிழமை நானும் போனேன். பெரும்பாறைச் சரிவில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கடையில் மிச்சமிருந்த, தொப்பி அறுக்காத கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு அக்காவும் பழம் பறிக்க இறங்கினார். சற்று நேரத்தில் மேலிருந்து யாரோ கத்தினார்கள். பெண்கள் எல்லோரும் பாதையோரம் ஒதுங்கினார்கள். அக்கா மட்டும் பறித்துக்கொண்டே இருந்தார். தங்கம் ஓடிவந்து அவர் கையைப் பிடித்து இழுத்தார். செடிகளுக்கு அப்பால் காட்டுமாடு ஒன்று மெல்ல இறங்கிப்போனது.

"ஏக்கா, காது கேக்கலையா? மேல நிக்கிறவ கத்துனா கீழ நிக்கிறவ ஒதுங்கணும்ல? இந்தத் தொப்பிக்குள்ள மழை படபடன்னு அடிக்கிறது மட்டுந்தான் கேக்குது!"

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, தாயி?"

"நீங்க மழையப் பத்தித்தானே கேட்டீங்க!"

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டு அந்த மழையிலேயே சிரித்தார். திரும்பும்போது ஜீப்பில் சொன்னார்: "டீக்கடையில உக்கார வச்சுக் கேட்டோம் பாரு, அதான் தப்பு. காது கேக்கணும்னு யாராவது வாயால கேப்பாங்களா? ரொம்ப வேண்டியதைத்தான் யாரும் சொல்ல மாட்டாங்க."

பலகையின் கூரையில் இப்போது ஒரு சண்டை. காதைத் திறந்தால் கழுத்தில் தண்ணீர் இறங்கும். மூடினால் மாடு வருவது கேட்காது. பல மாதிரிகள் தைத்துப் பார்த்தபின், காதருகே நீளமாகத் திறந்துவிட்டு, அதன்மேல் கடைப் படுதாபோல் ஒரு மடிப்பைத் தொங்கவிட்டார்கள். சோதனை கடையின் பின்கட்டில் நடந்தது. அக்கா தொப்பியைப் போட்டு நின்றார். காசிம் பாய் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். அம்மா தூரத்தில் நின்று மெதுவாகப் பேச, அக்கா அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"பாய் போடுற டீ கழனித்தண்ணி" என்றார் அம்மா.

"பாய் போடுற டீ கழனித்தண்ணி!" என்று அக்கா கத்தினார். பாய் மிச்ச வாளியை அம்மா பக்கம் வீசினார்.

புதிய கோட்டுகள் ஜீப்பில் ஏறிய மாலை அக்கா கடை வாசலில் நெடுநேரம் நின்றார். "போட்டுக்குவாங்களாடி?" என்று என்னிடம் கேட்டார். அவர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. "போன் போட்டுக் கேக்கலாமே, அக்கா" என்றேன். "கேட்டா 'நல்லாருக்கு'ன்னுதான் சொல்லுவாங்க. நாளைக்கு நேர்ல போய்ப் பாக்கணும்" என்றார்.

மறுநாள் அதிகாலையில்தான் அவர் இறந்தார்.

மதியத் தொழுகைக்குப் பிறகு ஆண்கள் அவரை அடக்கம் செய்ய மையவாடிக்குத் தூக்கிச் சென்றார்கள். தகரக் கூரைகளின்மேல் மழை இரைந்துகொண்டிருந்தது. அப்போது அக்கா வீட்டு முன்னால் பெரும்பாறை ஜீப் வந்து நின்றது. தங்கமும் மற்றவர்களும் வேலையிலிருந்து நேராக வந்திருந்தார்கள். கோட்டில் காப்பி இலைகள் ஒட்டியிருந்தன. எல்லோர் தலையிலும் தொப்பி. ஒன்றுகூட அறுபடவில்லை! உள்ளே வரலாமா என்று தெரியாமல் தெருவிலேயே கூட்டமாக நின்றார்கள். அழுது அழுது அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு, "உள்ள வாங்க" என்றார். அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. தொப்பிக்குள்ளிருந்த அவர்கள் எல்லோரும் ஒன்றாக அம்மா பக்கம் திரும்பினார்கள்.

மெஹர் அக்கா, நீங்கள் போய்ப் பார்க்க நினைத்தது உங்கள் வாசலுக்கே வந்தது. உங்களுக்குப் பதிலாக நான் பார்த்துவிட்டேன். நிம்மதியாக உறங்குங்கள்.

கடையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நாளை தைக்க வேண்டிய துணியைக் காசிம் பாய் மடித்து வைத்துவிட்டார். அம்மா விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வருகிறார்.