பதினெட்டு ஒன்றுகளும் ஒரு பெயரும்

அரியூர்ச் சாலையில் கலைவேந்தன் நடத்தும் நுழைவுத்தேர்வுப் பயிற்சி மையத்தின் முகப்பில், எஃகில் வெட்டிய ஒன்று என்ற இலக்கங்கள் ஒரே வரிசையில் மின்னுகின்றன. ‘எதனாலும் வகுபடாத எண்’ என்று அடியில் எழுதியிருக்கிறது. அதன் கீழே தம் பெயர் வரவேண்டும் என்றுதான் வில்லியனூர்க் கடைத்தெருவில் ஆணியும் தாழ்ப்பாளும் விற்கும் ஹபீப் முகமது ஓராண்டாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அவர். கணக்கைத் தாமே கற்றார். பத்தொன்பது ஒன்றுகளை அடுத்தடுத்து எழுதினால் வருவது பகா எண். ஒன்றும் அந்த எண்ணுமே அதை வகுக்கும். உலகம் இதை முன்பே அறியும். அவர் உரிமை கோரியது கண்டுபிடிப்புக்கு அல்ல, தமிழில் எளிமையாகத் தாம் எழுதிய நிரூபணத்துக்கு. அந்த எண்ணில் ஒன்றைக் கழித்தால் பதினெட்டு ஒன்றுகளும் ஒரு பூச்சியமும் நிற்கும். பதினெட்டு ஒன்றுகளோ ஏழு, ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று என்று கண்ட எண்ணுக்கெல்லாம் வகுபட்டு இடம் கொடுப்பவை. அவை உதிர்த்த காரணிகளைக் கொண்டே பத்தொன்பதின் உறுதியை அவர் நிலைநாட்டியிருந்தார்.

முதுகலைப் பட்டதாரியான கலைவேந்தன் அந்த நிரூபணத்தை வாங்கினார். படிக்கவில்லை. அட்டையில் தம் மையத்தின் பெயரைப் போட்டு அச்சடித்து மாணவர்களுக்கு வழங்கினார். ஹபீபின் பதிவுத் தபால்களுக்கு ஒப்புகை அட்டைகள் மட்டும் ஒழுங்காகத் திரும்பி வந்தன. இனி வக்கீல்தான் எழுதுவார் என்று ஹபீப் எச்சரித்த பிறகே கலைவேந்தன் தொலைபேசியில் அழைத்தார்.

“பாய், உங்க பேரு மாட்டியாச்சு. வந்து ஒரு செல்ஃபி எடுத்துக்கினு போங்க.”

“சட்டைய மாத்திக்கினு போங்க,” என்றார் மனைவி நூருன்னிசா. “பேரு மட்டும் பளபளன்னு இருந்தா போதுமா?”

ஹபீப் போய் முதலில் தம் பெயரைப் படித்தார். எழுத்துப் பிழை இல்லை, மனம் குளிர்ந்தது. பிறகு பழக்கத்தால் மேலே இருந்த ஒன்றுகளை எண்ணினார். வலப்புறத்திலிருந்து மறுபடி எண்ணினார். பதினெட்டுதான்.

“ஒரு ஒண்ணு எங்கப்பா?” என்று வெளியே வந்த கலைவேந்தனைக் கேட்டார்.

“கூட்டிப் பாருங்க பாய். பத்தொம்போதுன்னா ஒண்ணும் ஒம்போதும் பத்து, பத்துன்னா ஒண்ணு. நமக்கு ராசி ஒம்போது. காரு, செல்லு எல்லாமே கூட்டினா ஒம்போதுதான். அதான் ஒண்ண எடுத்துட்டேன்.”

“கூட்டினா ஒம்போது வர்ற நம்பர் ஒம்போதாலயே வகுபடும்பா. பசங்க பாடம் இது.”

“மீதி இல்லாமலா?”

“மீதி இல்லாம.”

“பாத்தீங்களா, அதான் ராசி.”

கேலி செய்கிறாரோ என்று ஹபீப் அவர் முகத்தைப் பார்த்தார். கேலி செய்யவும் கொஞ்சம் சரக்கு வேண்டும். அந்த முகத்தில் திருப்தி மட்டுமே இருந்தது.

“ஒண்ண மாட்டு. இல்லன்னா என் பேர கழட்டு.”

“வருஷம் பூரா பேரு பேருன்னு உசுர வாங்கினீங்க. இப்ப கழட்டுன்னா இன்னா பாய்? இத்தினி பசங்க வந்து போறாங்க, எவனாச்சும் எண்ணுனானா?”

எவனும் எண்ணவில்லை என்பதை அந்த மையத்தின் தலைவரே பெருமையாகச் சொல்லிக்கொண்டார். நிரூபணத்தைத் திருடியதைக்கூட ஹபீப் ஓராண்டு பொறுத்துக்கொண்டிருந்தார். ஒன்பதால் வகுபடும் எண்ணை வகுபடாதது என்று ஹபீப் முகமது சொன்னதாக ஊர் படிப்பதை ஒரு பொழுதும் பொறுக்க முடியாது. ஸ்கூட்டர்ப் பெட்டியிலிருந்து திருப்புளியை எடுத்தார். ஓராண்டு கேட்டுப் பெற்ற பெயரை எழுத்து எழுத்தாகக் கழற்றிப் பையில் போட்டார்.

“ஸ்க்ரூவ வெச்சுட்டுப் போங்க பாய், அது நம்மளது.”

வைத்துவிட்டார். அவருடைய கடையிலேயே கலைவேந்தன் வாங்கிய திருகாணிகள்தாம் அவை. பில்லின் நகல்கூட இருக்கிறது.

“இன்னாங்க, செவுத்துலேர்ந்து பேத்துக்கினே வந்துட்டீங்களா?” என்றார் வீட்டில் பையைத் திறந்து பார்த்த நூருன்னிசா.

ஹபீப் தாளை எடுத்து, இடப்புறம் ஓரம் விட்டு, எழுதத் தொடங்கினார். பொருள்: பதினெட்டு ஒன்றுகளின் கீழிருந்து என் பெயர் அகற்றப்பட்டதை எழுத்துமூலம் உறுதி செய்யக் கோருதல்.