நகரியில் ஆறு தறியும் ஒரு பேட்டரியும்

நகரியில் மல்லிகாவின் விசைத்தறிக் கொட்டகையில் நிற்கிறேன். ஆறு தறிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளி மின்சாரத்தைத் துண்டித்துவிட்டோம். இனி கூரையில் இருக்கும் சோலாரும், நான் கணக்குப் போட்டு வாங்கவைத்த பேட்டரியும்தான் துணை. பாதி ஓட்டத்தில் கரண்ட் நின்றால் நூல் அறுந்து ஆறு சேலையும் பாழ்.

மேகம் ஒன்று வெயிலை மறைக்கிறது. பேட்டரி தாங்குகிறது, ஒரு தறிகூடத் தடுமாறவில்லை. மனசு குதிக்கிறது. தொப்பை மட்டும் இல்லையென்றால் நானும் குதிப்பேன்.

டீக்காகத் தறிகளை நிறுத்துகிறார்கள். குடித்துவிட்டு எல்லோரும் சுவிட்சுக்குப் போகும்போதுதான் எனக்கு உறைக்கிறது. மோட்டார் ஓடுவதற்கான மின்சாரத்தைத்தான் கணக்கில் எடுத்தேன். கிளம்பும்போது அது பல மடங்கு இழுக்கும். ஆறும் ஒன்றாகக் கிளம்பினால் மொத்தமும் படுத்துவிடும்.

“தொடாதீங்க, தொடாதீங்க” என்று பாதி குடித்த டம்ளரோடு ஓடுகிறேன். டீ என் சட்டையில்.

மல்லிகா அசையவில்லை. “இன்னாத்துக்கு சார் இப்டி ஓடிக்கினு வர்றீங்க? ஜெனரேட்டர் வச்சிக்கினு இருந்தப்பவே எங்களுக்குத் தெரியும். ஒண்ணு போட்டு, அது நிலைக்கு வந்தப்பறம்தான் அடுத்தது.”

ஒவ்வொன்றாகக் கிளம்புகின்றன. ஒவ்வொரு தடவையும் விளக்கு மங்கி நிமிர்கிறது, நானும்தான்.

“மூலைல ஏழாவது ஒண்ணு சும்மா கீது. போடட்டா சார்?”

என் காகிதத்தில் ஆறுதான் இருக்கிறது. வாய் “போடுங்கம்மா” என்கிறது. கால்கள் அதற்குள் வாசலுக்குப் போய்விட்டன.

விளக்கு மங்குகிறது, இன்னும் மங்குகிறது, நிமிர்கிறது. ஏழு தறிச் சத்தத்தில் நான் போடும் சந்தோஷக் கூச்சல் யாருக்கும் கேட்கவில்லை.