சிவபாண்டிக்கு ஏற்ற பஸூன்

பதினேழு வருஷம் ரெஜிமென்ட் பேண்டில் வாசித்த வாத்தியத்தை ஸ்டோர் ரூம் மேஜையில் வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வந்தார் சிவபாண்டி. அன்றைக்குப் பிடித்த ஏக்கம் அவரை விடவேயில்லை.

அது பஸூன். நெஞ்சு உயரத்துக்கு நிற்கும், இரண்டாக மடித்த மரக்குழாய். நாகசுரத்துக்கு இருப்பதுபோல வாயில் வைக்க ஒரு சீவாளி உண்டு. குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வரும். திருமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஆள் எடுப்புக்குப் போன பையனை, மூச்சு நன்றாக இருக்கிறதென்று பேண்டுக்கு அனுப்பினார்கள். விரல் நீளமென்று பஸூனைக் கையில் கொடுத்தார்கள். அவராகக் கேட்டு வாங்கியதில்லை. ஆனால் முதல் வருஷம் முடிவதற்குள் அதில்லாமல் தூக்கம் வராது என்கிற நிலைக்கு வந்துவிட்டார்.

இப்போது தல்லாகுளத்தில் ஒரு வங்கிக்குக் காவல் பார்க்கிறார். மனைவி தமிழ்வாணிக்குத் தாலுகா அலுவலகத்தில் வேலை. மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். குறையென்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் வங்கி வாசலில் நிற்கும்போது அவருடைய விரல்கள் துப்பாக்கிக் கட்டையின் மேல் தானாக ஏதோ ஓர் அணிவகுப்பு மார்ச்சை வாசித்துக்கொண்டிருக்கும். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் பேண்டு செட் கடந்து போனால், டிரம்பெட்டும் டிரம்மும் சேர்ந்த சத்தத்துக்கு அடியில் எதையோ தேடுவதுபோலத் தலையைச் சாய்ப்பார். அங்கே அது இருக்காது.

அந்தச் சாய்ந்த தலையைத் தமிழ்வாணி பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன தை மாதம் ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள்.

"அந்தக் குழாய் எம்புட்டுதான் வரும்?"

சிவபாண்டி சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். "நல்லது வாங்கணும்னா ஒரு கார் விலை. அதெல்லாம் நமக்கு எதுக்கு."

"கார் வேணாம். ரெண்டு பைக் விலைக்கு வருமான்னு கேளுங்க. மக கல்யாணத்துக்கு வச்சிருக்குறதுல கை வைக்கக் கூடாது. அதுக்கு மேல என் சீட்டுப் பணம் இருக்கு."

அவர் கேட்ட ஆள் செல்வக்குமார். பேண்டில் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் கிளாரினெட் வாசித்தவன், தேனிக்காரன். இப்போது பெங்களூரில் வாத்தியக் கடையொன்றில் ரிப்பேர் பார்க்கிறான். மாசியில் மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்கு வந்தவன், கடைக்கு விற்பனைக்கு வந்த இரண்டு பஸூன்களைத் தூக்கிக்கொண்டு மத்தியானம் வீட்டுக்கே வந்துவிட்டான்.

முதல் பெட்டியைத் திறந்தார் சிவபாண்டி. மேப்பிள் மரம், கருஞ்சிவப்பு வார்னிஷ். துண்டு துண்டாக எடுத்துப் பொருத்தி, சீவாளியை வாயில் நனைத்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து ஊதினார். பழக்கம் விட்டுத் தளர்ந்துபோன உதட்டிலும் அந்த மரம் குரல் கொடுத்தது. ஸ்வரம் ஸ்வரமாக மெதுவாகக் கீழே இறங்கி வந்தார். ஓர் இடத்தில் காற்று பிசிறியது. மறுபடி ஊதினார், மறுபடி பிசிறல்.

"கைய காட்டு மாப்ள" என்றான் செல்வக்குமார்.

ஊருக்கு வந்த புதிதில் அண்ணன் தோட்டத்து மோட்டார் பெல்ட்டில் சிக்கிய இடதுகை மோதிர விரல். எலும்பு கூடிவிட்டது, விரல் மட்டும் வளைந்தே நின்றுவிட்டது. மர பஸூனில் அந்த விரல் எட்டி மூடவேண்டிய துளை தூரத்தில் இருந்தது.

"பழகிருவேன்."

"பழக மாட்ட. வலிக்கும். ரெண்டு மாசத்துல பெட்டிய மூடி வச்சிருவ." செல்வக்குமார் இரண்டாவது பெட்டியை இழுத்தான். "இதப் பாரு. பிளாஸ்டிக்குதான். படிக்கிற பிள்ளைகளுக்குன்னு செஞ்சது. அந்த ஓட்டைக்கு மேல, அமுக்குனா மூடிக்கிற கட்டை இருக்கு, விரல் எட்ட வேணாம். நம்ம ஊரு வெயிலுக்கு வெடிக்காது. மேல ரொம்ப உச்சத்துக்குப் போற கட்டை ஒண்ணு ரெண்டு இருக்காது, அது உனக்கு இப்ப வேண்டியதும் இல்ல."

சிவபாண்டி கறுப்புக் குழாயைப் பார்த்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஊதுவது.

"நான் சோலோ வாசிச்சவன்டா."

"தெரியும். பக்கத்துலதான உக்காந்திருந்தேன். அப்ப வாசிச்ச ஆளுக்கு வாங்குறியா, இப்ப இருக்குற ஆளுக்கு வாங்குறியா?"

டீ டம்ளரோடு வந்த தமிழ்வாணி, "ரெண்டு பேருக்கும் வாங்க நம்மகிட்ட வசதி இல்ல" என்றாள்.

சிவபாண்டி சிரித்துவிட்டார். ஆனாலும் மர பஸூனைக் கழற்றித் துடைத்துப் பெட்டியில் வைக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. ஒவ்வொரு துண்டையும் தொட்டுப் பார்த்து வைத்தார். பிறகு கறுப்புக் குழாயை ஊதினார். வளைந்த விரல் கட்டையின் மேல் சும்மா விழுந்தது. குரல் பிசிறில்லாமல் இறங்கியது. மரத்தின் இதம் அதில் இல்லை. சுருதி இருந்தது. அதையே வைத்துக்கொண்டார்.

முதல் மாதம் கீழ்வீட்டுக் கனகலட்சுமியம்மா மாடியேறி வந்து, மோட்டாரில் தண்ணி ஏறாமல் ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டுப் போனார். சித்திரை கழிந்து, உதடு மெல்ல இறுகியது. ஆடியில் ஒருநாள் வாத்தியத்தின் அடி ஸ்வரம் முழுசாக வந்தது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. தமிழ்வாணி கரண்டியோடு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"வந்துருச்சா?"

"வந்துருச்சு."

ஆனால் அவர் முகத்தில் மகிழ்ச்சி கொஞ்ச நேரம்தான் நின்றது. பழைய மார்ச்சில் தன் பாகத்தை வாசித்தபோதுதான் அவருக்குப் புரிந்தது: பாட்டு மற்றவர்களிடம் இருந்தது. பஸூன் கீழே நின்று தாங்குகிற வாத்தியம். தாங்குவதற்கு மேலே ஒன்றுமில்லாமல் அது ம்போம் ம்போம் என்று தனியாக நடந்து போனது. பதினேழு வருஷமும் தன்னைச் சுற்றி மூச்சுவிட்டுக்கொண்டிருந்த நாற்பது பேரைத்தான் இத்தனை நாள் தேடியிருக்கிறார்.

அன்று சாயங்காலம் செல்வக்குமாருக்குப் போன் செய்தார். அவனும் கிளாரினெட்டை எடுத்தான். இருவரும் ஸ்பீக்கரில் போட்டு ஒன்றாக ஆரம்பித்தார்கள். ஒருவர் ஊதுவது மற்றவருக்குப் பிந்திப் போய்ச் சேர்ந்தது. நாலு அடிக்குள் எல்லாம் குழம்பியது.

"சேராது மாப்ள. லைன் இழுக்குது" என்றான் செல்வக்குமார்.

"அப்ப நீ வாசி. நான் கேக்குறேன்."

மார்ச்சின் மேல்பாட்டு பெங்களூரிலிருந்து வந்தது. சிவபாண்டி சத்தமில்லாமல், ஊதாமல், கட்டைகளை மட்டும் அழுத்திக்கொண்டு கூடவே போனார். அவன் காதுக்குத் தாமதமாகப் போய்ச் சேர அதில் ஒன்றுமில்லை. முடிந்ததும் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"நீ கூடவே வந்தியா?"

"வந்தேன்."

"தீபாவளி கழிச்சு நாலு நாள் லீவு போடுறேன். அங்க வாரேன்" என்றான் செல்வக்குமார்.