தொட்டியைச் சுற்றிய மலை

பௌர்ணமி என்று பார்க்காமல் திருவண்ணாமலைக்குக் கிளம்பியது என் புத்திகெட்ட வேலை. வேலூரிலிருந்து வந்த எங்கள் பஸ்ஸை ஊருக்கு வெளியே, வேங்கிக்கால் பக்கமே நிறுத்தி இறக்கிவிட்டார்கள். இனி நடைதான். கூட்டம் என்றாலே எனக்கு ஆகாது. முணுமுணுத்துக்கொண்டே புதுவீடுகள் இருந்த ஒரு தெருவுக்குள் புகுந்தேன்.

தெருக்கோடியில் ஒரு தோட்டம், கதவு திறந்தே இருந்தது. உள்ளே கால் வைத்ததும் முணுமுணுப்பு நின்றுவிட்டது. நாலு சுவரிலும் மலை. விடியற்காலை மலை, மழையில் நனைந்த மலை, மேகம் போர்த்திய மலை. பெயிண்டில் பூத்த பூ எது, அவரைக்கொடியில் பூத்தது எது என்று புரியவில்லை. ஒரு பட்டாம்பூச்சியும் என்னைப் போலவே ஏமாந்து, சுவரில் உட்கார்ந்து எழுந்து போனது. சாயங்கால வெயிலில் எல்லாமே லேசாக அசைந்தன. பஸ்ஸிலேயே தூங்கிவிட்டேனோ, இது கனவோ என்றுகூடச் சந்தேகம் வந்தது.

நடுவில் வட்டமான சிமெண்ட் தொட்டி. அதன் வெளிப்புறத்திலும் மலைதான். நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கைத்தடி ஊன்றி, விறைத்த இடது காலை இழுத்து இழுத்து அதைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"செடிக்குத் தண்ணி பாய்ச்சறீங்களா?"

"இல்லீங்க. கிரிவலம் போறேன்."

சிரிக்கத்தான் தோன்றியது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். சுற்று முடிந்து, மூச்சு வாங்க என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

பெயர் கஸ்தூரி. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவர். இந்த இடம் முன்பு குப்பைமேடாகக் கிடந்ததாம். தெருக்காரர்கள் சேர்ந்து ஆளுக்கொரு பாத்தி போட்டார்களாம். படம் வரைந்தது அவருடைய ஒரே மகள் ஓவியா. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அந்தப் பெண் சற்றுத் தள்ளி, தூரிகையும் கையுமாகச் சுவரைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"போன வருஷம் வேன் மோதி கால் போச்சுங்க. மலையை நூத்தெட்டு தடவை சுத்தறதா பழைய வேண்டுதல். நூத்தியொண்ணோட நின்னுபோச்சு."

"ஆட்டோவில் சுற்றலாமே?"

"கால்நடையா வரேன்னு சொல்லிட்டு ஆட்டோல போனா, புண்ணியம் ஆட்டோக்காரருக்குத்தான் போவும்."

ஓவியா திரும்பிச் சிரித்தாள். "அதான் சார் நாலு சுவத்துலயும் மலை வரைஞ்சேன். நாலு மாச வேலை. அம்மா வந்து பாத்துட்டு, 'மலை இடது கைப்பக்கம் வருதே, எப்படிடி வலம் வர்றது'ன்னுட்டாங்க."

உண்மைதான். மலை வலது கைப்பக்கம் வந்தால்தான் வலம். நாலு சுவருக்குள் நடந்தால் அது இடப்பக்கம் போய்விடுகிறது.

"எதிர்ப்பக்கமா சுத்தேம்மான்னேன். ரெண்டு நாள் எங்கூட பேசல. அப்புறம்தான் தொட்டியில வரைஞ்சேன். எட்டு திசையில மலை எப்படித் தெரியுமோ, அப்படி. எனக்கு இதுல நம்பிக்கை இல்ல சார். அம்மா கேட்டாங்க, அவ்ளோதான்."

"பௌர்ணமிக்கு எட்டு சுத்து, அது ஒரு கிரிவலம்னு கணக்குங்க," என்றார் கஸ்தூரி. "இன்னியோட நூத்தெட்டு. இன்னிக்கு ஏழு சுத்து ஆச்சு, இன்னும் ஒண்ணுதான்."

"அப்படி என்ன வேண்டுதல்?" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

"வீடு கட்டறதுக்கு," என்றாள் ஓவியா.

கஸ்தூரி மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "வீட்டுக்கு எவளாவது நூத்தெட்டு சுத்துவாளா? நீ பொறந்தப்ப முக்கா கிலோ. ரெண்டு நாள் தாண்டாதுன்னாங்க. ஆஸ்பத்திரி ஜன்னல்ல மலை தெரிஞ்சுது. இவளை எங்கிட்ட வுட்டுடு, நூத்தெட்டு தடவை நடந்து வரேன்னேன். வேலைக்கு நடுவுல வுட்டு வுட்டு நடந்து இருபது வருஷம் ஆயிடுச்சு. இப்ப காலும் போயி, குறை வச்சா உனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு எனக்குத் தூக்கமே இல்ல."

தூரிகை அப்படியே நின்றது. "ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா சிரிப்ப."

ஓவியா சிரிக்கவில்லை. அவரைப் பந்தலுக்கு மேலே நிலா எழுந்திருந்தது. கஸ்தூரி தடியை ஊன்றி எழுந்தார். "சாமி இதை ஒத்துக்குமா சார்?"

"நான் சாமியா இருந்தா மொத சுத்துலயே ஒத்துக்கிட்டிருப்பேன்," என்றேன். அழுதுவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஓவியா தூரிகையைக் கீழே வைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு அம்மாவின் பின்னால் வந்து நின்றாள்.

"மெதுவா போம்மா. நான் வரேன்."