மாமியின் பெயர் எழுதிய குழாய்

என் மாமியார் செல்லாயி போன வைகாசியில் இறந்தார். வயது நாற்பத்தேழு. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்.

மூன்று வயதில், இனக்கலவரத்துக்குப் பயந்த பெற்றோர் அவரை இரத்தினபுரித் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வடக்கே பாப்பாமோட்டைக்குத் தூக்கி வந்தார்கள். முப்பத்து மூன்றில் விதவை. அடுத்தவர் வயலில் களை பிடுங்கியும் நெல் விளைந்ததும் அருவி வெட்டியும் மகன் ஜெயரூபனை ஆளாக்கினார். அவன் என்னைக் கூட்டி வந்த நாளில் என் வீட்டார் ஒருவரும் வரவில்லை. மாமி கதிரையை இழுத்துப் போட்டு, "இரு புள்ள, சோறு ஆறுது" என்றார். அவ்வளவுதான் எங்கள் கலியாணம்.

நாற்பத்தைந்து வயதுப் பெண்களுக்கான கருப்பைக் கழுத்துப் பரிசோதனையில் மாமியின் பெயர் வந்தது. குடும்பநல உத்தியோகத்தர் சுவேதினி ஒரு பஞ்சுக் குச்சியும் சிறு குழாயும் தந்தார்.

"முந்தி மாதிரிக் கண்ணாடித் தகட்டை அனுப்பிப்போட்டு மாதக்கணக்கா இருக்கத் தேவையில்லை அம்மா. நீங்களே உள்ளுக்கு விட்டு எடுத்துத் தாங்கோ. புற்றுநோயைக் கொண்டு வாற வைரஸ் இருக்கோ இல்லையோ எண்டு மெசின் ஒரு மணித்தியாலத்தில சொல்லிப்போடும்."

மறுநாள் காலை குழாயை வாங்க வந்த சுவேதினி படலையடியில் ஹோர்ன் அடித்தபோது, மாமி குழாயை என் கையில் திணித்தார்.

"நீயே எடுத்துக் குடு புள்ள. புருசன் போயி பன்னெண்டு வருசம், எனக்கு எதுக்கு இந்தக் கருமம்?"

"உங்கட பேரெல்லோ எழுதியிருக்கு மாமி."

"குச்சி பேரு கேக்குமா?"

சிரித்துவிட்டேன். மாமியின் குழாயில் என் மாதிரியை எடுத்துக் கொடுத்தேன்.

அன்று பின்னேரமே வைரஸ் இல்லையென்று தகவல் வந்தது. மாமி தேத்தண்ணீர் போட்டார்.

எட்டு மாதம் கழித்து அவருக்கு இரத்தம் போகத் தொடங்கியது. பார்த்த டொக்டர்மார் பழைய முடிவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மாதவிடாய் நிற்கும் வயது என்று குளிசை கொடுத்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன். சொன்னால் சுவேதினியின் வேலை போய்விடுமோ, ஜெயரூபன் என்ன நினைப்பானோ என்று வாயைத் திறக்கவில்லை. மாமியும் என்னைப் பார்த்தாரே தவிர, ஒன்றும் சொல்லவில்லை.

இரத்தம் போகத் தொடங்கிய ஐந்தாம் மாதம், குழாயில் போனது என் மாதிரி என்று டொக்டரிடம் சொன்னேன். மாமியின் சொந்த மாதிரி அன்றே மெசினுக்குப் போனது. ஒரு மணித்தியாலத்தில் வைரஸ் இருக்கிறது என்றது. பிறகு வெட்டியெடுத்த சதைத்துண்டு புற்றுநோய் என்றது; ஸ்கான், நோய் பரவிவிட்டது என்றது.

ஜெயரூபன் என்னோடு கதைக்கவில்லை. மாமிதான் கட்டிலில் கிடந்தபடி அதட்டினார்.

"அவளை ஏன்டா மொறைக்கிற? குச்சியக் குடுத்தது நானு."

குச்சியைப் பற்றி மட்டும்தான் பேசினார். நான் பேசாமல் நின்ற மாதங்களைப் பற்றி, கடைசிவரை அவர் கேட்கவேயில்லை. ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்.