ஏரிக்கரைப் படையல்

என் மூஞ்சியின் அமைப்பே அப்படி. சும்மா இருந்தாலும் யாரையோ திட்டப் போகிற மாதிரிதான் தெரியும். ஈப்போவில் ஒரு பல் கிளினிக் கவுண்டரில் உட்கார்ந்து, "வரிசையில வாங்க" என்று சொல்லிச் சொல்லியே அது இன்னும் இறுகிவிட்டது. வீட்டில் பழகினவர்கள் கண்டுகொள்வதில்லை. புதிதாக வந்த மருமகளுக்கு அது எப்படித் தெரியும்?

பீடோர் ஊர்ப் பெண். சர்ச்சுக்குப் போகிற குடும்பம். மகன் விரும்பிக் கட்டிக்கொண்டான். கல்யாணமாகிச் சில மாதங்கள் ஆகியும், ஐஸ்பெட்டியைத் திறக்கக்கூட என்னிடம் கேட்டுவிட்டுத்தான் திறப்பாள். ஒருநாள் மகன் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டான்.

"மா, உங்களுக்கு அவளப் பிடிக்கலையோன்னு அழுவுறா. கொஞ்சம் சிரிச்சாத்தான் என்னவாம்?"

எனக்குச் சுருக்கென்றது. பிடிக்காமலா அவளுக்கென்று உறைப்பைக் குறைத்துத் தனிச் சட்டியில் மிளகாய்ச் சம்பால் கிண்டுகிறேன்? ஆனால் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்கிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

அந்த நேரத்தில்தான் எங்கள் கல்யாண நாளுக்கு அவள் ஒரு ஹோட்டலில் அறை போட்டுக் கொடுத்தாள். லகாட் பக்கம், ஒரு காலத்தில் ரப்பர் தோட்டத்துத் துரை குடியிருந்த பங்களா. இப்போது அதற்கு 'கன்ட்ரி ஹவுஸ்' என்று பெயர். முன்னால் இருக்கும் ஏரியும் ஈயம் தோண்டிவிட்டுப் போன குட்டைதான். குட்டையை ஏரி என்று எழுதி போர்டு மாட்டினால் போதும், ஆட்கள் குடும்பத்தோடு வந்து படம் பிடிக்கிறார்கள்.

கிளம்பும்போது மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தே, ஏழு மணி போல ஏரிப்பக்கம் நடந்து போங்க. மறந்துறாதீங்க."

அவள் கை சில்லென்று இருந்தது. இது எங்களுக்குப் பிடிக்காமல் போனால் இந்தப் பிள்ளை உடைந்துபோய்விடும் என்று புரிந்தது. என்ன ஆனாலும் சரி, சிரித்த முகமாகத்தான் வீடு திரும்புவது என்று முடிவு செய்துகொண்டேன்.

அறை நன்றாகத்தான் இருந்தது. நட்டநடுவில் கால் முளைத்த ஒரு குளியல் தொட்டி. என் வீட்டுக்காரர் அதை மூன்று சுற்று சுற்றிப் பார்த்தார். "குளிக்கிறத யாரு பாக்கணும்னு இங்க கொண்டாந்து வச்சிருக்கான்?" என்று கேட்டார். தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். எந்தப் பொருளைப் பார்த்தாலும் அது எங்கே இருக்க வேண்டும் என்பதில் அவருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு.

சொன்னபடி ஏழு மணிக்கு நடந்தோம். இருட்டிக்கொண்டு வந்தது. கரையோரம் ஒரு பெரிய ஆலமரம். அதன் அடியில் தாழ்வான பலகை ஒன்றில் சிவப்புத் துணி விரித்திருந்தது. இரண்டு விளக்குகள், தட்டு நிறையச் செம்பருத்தி, பாதிப் பாதியாக வெட்டிய எலுமிச்சம்பழங்கள், அவற்றுக்கு நடுவில் முழுக்கோழி. பக்கத்தில் ஒரு போத்தல் கறுப்பு பீர். அதன்மேல் சாய்த்து வைத்த சுருட்டு.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

"ஐயையோ, முனியாண்டிக்குப் படையல் போட்டிருக்காங்க," என்றார் இவர், குரலைத் தாழ்த்தி. "செருப்பக் கழட்டு லா!"

கழற்றினேன். மரத்துக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பூசாரிதான், வேறு யார்? நாங்கள் கும்பிட்டதும் அவரும் எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். நேபாளத்துக்காரர் என்பதும், அங்கே பரிமாறுகிறவர் என்பதும், அது அவர்கள் ஊர் வணக்கம் என்பதும் பிறகுதான் தெரிந்தது. "சிலா, சிலா", வாங்க வாங்க என்று மலாயில் பலகையைக் காட்டி உபசரித்தார். முன்னால் வந்து நன்றாகக் கும்பிட்டுக்கொள்ளச் சொல்கிறார் என்று நினைத்து, இவர் தேய்த்துப் போட்ட பூப்போட்ட பாத்தேக் சட்டையோடு தடாலென்று தரையில் விழுந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சாமி, அந்தப் பிள்ளை மனசு குளிரணும், என் மேல இருக்கிற பயம் போகணும் என்று உண்மையாகவே வேண்டிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தால் அந்த மனிதர் கையில் பளபளவென்று ஒரு கத்தி!

"இன்னும் பலி இருக்கு போல. நாம நிக்கக்கூடாது, வா போலாம்," என்று இவர் என் கையைப் பிடித்து இழுத்தார். சாமிக்கு முதுகு காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து வந்து, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். பசி வயிற்றைக் கிள்ளியது. பைக்குள் கிடந்த பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துத் தின்றோம்.

அப்போதுதான் போன் அடித்தது. மருமகள்.

"அத்தே, ஹோட்டல்லேருந்து கூப்பிட்டாங்க. சாப்பாட்டத் தொடாமலே போயிட்டீங்களாம். பிடிக்கலையா? மாமாவுக்குன்னு கறுப்பு பீரும் சுருட்டும் சொன்னேன். நீங்க எதுலயும் எலுமிச்சம்பழம் பிழிஞ்சுக்குவீங்களே, அதான் நெறைய வெட்டி வைக்கச் சொன்னேன். செம்பருத்தி நம்ம வாசல்ல இருக்கிற அதே கலருதான்..." சொல்லிக்கொண்டே அழ ஆரம்பித்துவிட்டாள்.

எத்தனை நாளாக எங்களைப் பார்த்துப் பார்த்து மனதில் வைத்திருக்கிறாள் இந்தப் பெண்! சமாளிக்கலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. சமாளித்தால் அழுகை நிற்காது.

"அடியேய், அழுவாத. நாங்க அத முனியாண்டி படையல்னு நெனச்சுட்டோம். ஒன் மாமா நெடுஞ்சாண்கிடையா விழுந்து கும்பிட்டாரு."

"கும்பிட்டாரா?" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"கேளு. நீ வச்ச சோத்த நாங்க சாமின்னு செருப்பக் கழட்டிக் கும்பிட்டிருக்கோம். இதுக்கு மேல ஒரு மருமகளுக்கு என்னடி மரியாத வேணும்?"

முதலில் ஒரு விக்கல் கேட்டது. பிறகு சிரிப்பு. அவள் இத்தனை சத்தமாகச் சிரிப்பாள் என்று எனக்கு அதுவரை தெரியாது. பின்னால் மகன் "என்ன, என்ன" என்று கேட்டுக்கொண்டிருந்தான். சிரிப்பில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"ஐயோ அத்தே, ஓடுங்க. போய்ச் சாப்பிடுங்க லா. சாமி ஒண்ணும் சொல்லாது."

போனோம். கோழி ஆறிப்போயிருந்தது. எலும்பைத் தவிர எதையும் மிச்சம் வைக்கவில்லை.