குடைக்கு விட்டுக்கொடுக்காத அலமாரி

அரிசிக் கடைக்காரருக்கு அரிசியைத் தெரிந்தால் போதும். லீவுக்குக் கதைப்புத்தகம் எடுத்துக் கொடுக்கிறவளுக்குப் புத்தகத்தைத் தெரிந்திருக்க வேண்டும், கேட்டு வருகிற பிள்ளையைத் தெரிந்திருக்க வேண்டும், பிள்ளைக்குப் பின்னால் நின்று முறைக்கிற அம்மாவையும் தெரிந்திருக்க வேண்டும். பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளுக்குப் புத்தகம் சொல்லிப் பார்த்து நொந்துபோனவர்கள் யாராவது இதைப் படித்தால் என் வயிற்றெரிச்சல் புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள், பரவாயில்லை.

நனையாத சரக்கு

ஹட்டன் கடைத்தெருவில் நானாவின் கடை; முஸ்லிம் முதலாளிமாரை இங்கே நானா என்றுதான் கூப்பிடுவோம். முன்பக்கம் கொப்பி, மை, பென்சில், கம்பளி, குடை. பின்பக்கச் சுவரோரம் ஒரு அலமாரி நிறைய வாடகைக்குக் கொடுக்கிற கதைப்புத்தகங்கள். கான்வென்டில் எஸ்.எஸ்.சி. வரை படித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த என்னை நானா வேலைக்குக் கூப்பிட்டதே அந்த அலமாரிக்காகத்தான். ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் அம்மாமார் தங்கள் பெண்பிள்ளைகளை உள்ளே விடுவார்கள் என்பது அவர் கணக்கு. கணக்கு பிசகிவிட்டது. பக்கத்துக் கடையில் பிரஜாவுரிமை மனு டைப் அடிக்க வாசல் தாண்டிக் கூட்டம் நிற்கும். என் அலமாரிப் பக்கம் ஈகூட வராது.

ஏப்ரல் லீவு விட்ட அன்று நானா தீர்ப்புச் சொன்னார். லீவு முடிவதற்குள் அலமாரியைத் தேடி ஆட்கள் வர வேண்டும். வராவிட்டால் புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் மழைக்காலத்துக்கான குடைகளை அடுக்கப் போகிறார். அலமாரி போனால் என் வேலையும் அதோடு போகும். அதைவிட எனக்கு வந்த ஆத்திரம் வேறு. அத்தனை புத்தகத்தையும் வரி விடாமல் வாசித்து, எது யாருக்கு ஆகும் என்று மனதில் எழுதி வைத்திருக்கிறேன். விடுவேனா நான்? "ஒரு லீவு போதும் நானா, பாருங்க" என்றேன். அவர் மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மகள், மழை வந்தா கதை நனையாது. மனுஷன்தான் நனைவான். எனக்கு அந்த எடம் குடைக்கு வேணும்."

அட்டையில் இருப்பவள்

முதலில் வந்தவர் ஒரு தேயிலைத் தோட்டக் கணக்கப்பிள்ளையின் மனைவி. கூடவே நுவரெலியாவில் தங்கிப் படிக்கிற மகள். பிள்ளை வந்த வேகத்தில் நல்ல கதை ஒன்றைத் தானாகவே கையில் எடுத்துவிட்டது. அநாதைப் பெண் ஒருத்தி படித்து நர்ஸாகிற கதை. குற்றம் சொல்ல ஒரு வரி கிடையாது. ஆனால் அட்டைப்படம் வரைந்தவன் இருக்கிறானே, பாவி, அவன் கதையை வாசிக்கவே இல்லை. கூந்தலை அவிழ்த்துவிட்டு, கண்ணைச் செருகிக்கொண்டு ஒருத்தியைப் படுக்க வைத்துவிட்டான்.

அந்தம்மா அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மகள் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கி மேசையில் குப்புறப் போட்டார். மாவு சுற்றிவந்த பழுப்புத் தாளை எடுத்து, அவர் கண் முன்னாலேயே மடித்து ஒட்டி அட்டை போட்டு, மேலே பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் எழுதி நீட்டினேன். அந்தம்மா முகம் மலர்ந்துவிட்டது. போகும்போது என் காதருகே குனிந்து சொன்னார்: "உள்ள இருக்கறவளப் பத்திக் கவல இல்ல தங்கச்சி, வெளிய படுத்திருக்கறவளத்தான் எங்க வீட்டுக்காரரு பாக்கப்படாது."

சோதனைக்கு வருமா?

அடுத்தது ரயில்வேயில் வேலை செய்கிற ஒரு அப்பாவும் அவர் மகனும். பையனுக்குத் துப்பறியும் கதை வேண்டும். பிள்ளையின் பரீட்சையே கவலையான அப்பாவுக்கு ஒரே கேள்வி: "இது சோதனைக்கு வருமா?" கட்டுரை எழுத வரும், சொல் வளம் வரும், குழப்பமில்லாமல் யோசிக்க வரும் என்று அடுக்கினேன். நம்பாமல் புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்தைப் புரட்டினார். பூட்டிய அறைக்குள் பணக்காரர் செத்துக் கிடக்கிறார், சாவி அவர் சட்டைப் பையில் இருக்கிறது. மனிதர் மேசையில் முழங்கையை ஊன்றிவிட்டார். பையன் காலை மாற்றி மாற்றி நின்றான். கடைசியில் "பாப்போம், நான் மொதல்ல வாசிச்சிட்டுக் கொடுக்கறேன்" என்று கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்.

நாலைந்து நாளில் பையன் தனியாக வந்தான். முகம் தொங்கிப் போயிருந்தது. "என்னடா தம்பி, நல்லா இல்லையா?" என்றேன். "நான் எங்க வாசிச்சேன் அக்கா? கொலைகாரன் யாருன்னு அப்பா நேத்து சாப்புடும்போது சொல்லிட்டாரு. வேற ஒன்னு குடுங்க, இந்தத் தடவ அப்பாகிட்ட சோதனைக்கு வராதுன்னு சொல்லிருங்க."

ரெண்டு பக்க மழை

இப்படி ஒன்றும் இரண்டுமாகத்தான் வந்தார்கள். ஞாயிறு தவறாமல் வந்தவள் பவளம் ஒருத்திதான். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து அம்மாவோடு பஸ்ஸில் வருவாள். பதினாறு வயது, பேச்சு குறைவு. கொண்டுபோன புத்தகம் திரும்பி வரும்போது அடுப்புப் புகை வாசமும் குப்பி விளக்கின் கரியுமாக வரும். பாவம், மூலையில் ஒதுங்கித் தனியாக உட்கார்ந்து வாசிக்கிற பிள்ளை என்று நானாக முடிவு கட்டி, அந்த வயதுக்கு ஏற்ற ஒரு காதல் கதையைப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தேன். நடுவில் காதலன் எழுதும் கடிதம் ஒன்று வரும். வாசித்தால் கல்லும் கரையும்.

அடுத்த ஞாயிறு பவளம் புத்தகத்தைப் பொத்தென்று மேசையில் வைத்தாள். அவ்வளவு கோபத்தை அந்தப் பிள்ளையிடம் நான் பார்த்ததே இல்லை. "அக்கா, நீங்க பாட்டுக்கு இதக் குடுத்துட்டீங்க. நான் தனியாவா வாசிக்கிறேன்? வேல முடிஞ்சு வந்து மொத்த லயமும் எங்க வாசல்ல ஒக்காந்திருக்கும். நான் சத்தமா வாசிக்கணும். அம்மா, சித்தி, மாமா, எல்லாத்துக்கும் முன்னால பெரியப்பா!" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு பிள்ளைக்கென்று நினைத்து, ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் குடும்பங்கள் இருக்கிற ஒரு லயத்துக்கே புத்தகம் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்! "ஐயையோ, அந்தக் கடிதத்தை என்ன பண்ணினே?" என்றேன். பவளத்துக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. "லெட்டர் வந்த எடத்துல மழ பெஞ்சுச்சுன்னு வாசிச்சேன். ரெண்டு பக்கமும் மழதான் அக்கா. பெரியப்பா எந்திரிச்சு, 'என்னா புள்ள, இந்தக் கதையில மழ வெறிக்கவே வெறிக்காதா'ன்னு கேட்டுட்டாரு."

அதே கடிதம்

லயத்துக்கு ஆகாத அந்தப் புத்தகத்தை, லயத்து வாசலில் நடந்த கூத்தையும் சொல்லிச் சிரித்து, எதிர்க்கடைத் தையல்காரரிடம் தொழில் பழகுகிற பதினேழு வயதுப் பையனிடம் தள்ளிவிட்டேன். அவன் லீவு தொடங்கின நாளிலிருந்து "லெட்டர் வர்ற கதை" கேட்டு என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தான். யாருக்கு எழுத என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. புத்தகத்தைத் திருப்பித் தரும்போது ஆள் யோசனையில் இருந்தான். "லெட்டரு அருமை அக்கா. ஆனா இதே மாதிரி நான் எழுதி, அந்தப் புள்ள அத வாசல்ல ஒக்காந்து சத்தமா வாசிச்சிருச்சுன்னா?"

தோணியில் நிறுத்தினேன்

நானாவிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். பவளம் ஒருத்தி இல்லை, அவள் கையில் ஒரு லயமே இருக்கிறது, குடும்பத்துக்கு ஓர் அறையாக அதிலுள்ள பன்னிரண்டு காம்பராவும் நம் அலமாரியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது என்றேன். நானா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "என் கண்ணுக்கு ஒரு புள்ளதானே தெரியுது" என்றார். அதற்குள் கொழும்பிலிருந்து குடைக் கட்டுகள் வந்து இறங்கி, என் அலமாரிக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றன. சரி, கண்ணுக்குத்தானே தெரிய வேண்டும், தெரிய வைக்கிறேன் என்று முடிவு செய்தேன்.

அலமாரியில் இரண்டு பாகத்தில் ஒரு கதை இருந்தது. காணாமல் போன அண்ணனைத் தேடி ஒரு பெண் தனியாகக் கிளம்புகிறாள். மழை, காடு, களவு, நல்லவர், கெட்டவர் எல்லாம் உண்டு. பெரியப்பா முன்னால் வாசிக்கக் கூச்சப்படும்படி ஒரு வரி கிடையாது. முதல் பாகம் முடிகிற இடத்தில் அவள் வெள்ளம் பெருகின ஆற்றில் ஓட்டைத் தோணியில் ஏறி, நட்டாற்றில் நிற்கிறாள். அடுத்து வந்த ஞாயிறு அந்த முதல் பாகத்தைப் பவளத்திடம் கொடுத்தேன். அவள் இரண்டாம் பாகத்துக்கும் கை நீட்டினாள். அதை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். "இத உங்கிட்டத் தர மாட்டேன் பவளம். கேக்கறவங்க எல்லாரும் நேருல வந்து கேக்கட்டும். வரலேன்னா இந்த அலமாரியே இருக்காது" என்று குடைக் கட்டுகளைக் காட்டினேன். பவளத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அலமாரிக்காகவா, தனக்காகவா என்று தெரியவில்லை. "அக்கா, தோணியில அந்தப் புள்ளய விட்டுட்டு நான் எப்புடி லயத்துல இருக்கிறது? என்னையத்தான் எல்லாரும் புடிச்சு உலுக்குவாங்க."

கரை சேர்ந்துச்சா?

லீவின் கடைசி ஞாயிறு. காலையிலிருந்து வாசலைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து வலித்தது. மத்தியானம் வரை யாரும் இல்லை. நானா புத்தகம் கட்டக் கயிறு எடுத்து வைத்துவிட்டார். தோற்றுப்போய்விட்டேன் என்று நினைத்தேன். அப்போதுதான் மஸ்கெலியா பஸ் வந்து நின்றது. பவளம் இறங்கினாள், அவள் அம்மா இறங்கினார். பின்னாலேயே ஆணும் பெண்ணும் கைப்பிள்ளையுமாக இறங்கிக்கொண்டே இருந்தார்கள். எல்லாரும் நேரே எங்கள் கடைக்குள் வந்தார்கள். முன்னால் தலைப்பாகையோடு ஒரு பெரியவர். பார்த்ததுமே இவர்தான் பெரியப்பா என்று தெரிந்துகொண்டேன்.

நானா பயந்துவிட்டார். மேசைக்குப் பின்னால் ஒதுங்கி, "என்ன பிரச்சினை?" என்றார். பெரியப்பா தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். "பிரச்சினை ஒன்னும் இல்லீங்க மொதலாளி. ஒரு புள்ள தோணியில ஏறி நடு ஆத்துல நிக்குது. காலையில பேர் குடுக்கப் பெரட்டுல நின்னாலும் இதே பேச்சு, மலையில கொழுந்து எடுத்தாலும் இதே பேச்சு, கணக்கப்பிள்ளை ஏசுறாரு. அது கரை சேந்துச்சா இல்லையான்னு மட்டும் சொல்லிட்டீங்கன்னா நாங்க போயிருவோம்."

நானா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் இழுப்பறையைத் திறந்தேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. பக்கத்துக் கடையில் டைப் அடிக்க நின்றவர்களும் எங்கள் கடைக்குள் ஒதுங்கினார்கள். இருக்கிற ஒரே நாற்காலியில் பெரியப்பா உட்கார்ந்துவிட்டதால், பவளம் குடைக் கட்டின் மேல் ஏறி உட்கார்ந்து இரண்டாம் பாகத்தை வாசிக்கத் தொடங்கினாள். அவ்வளவு கூட்டத்தில் அவள் குரல் நடுங்கவில்லை. தோணிக்குள் தண்ணீர் ஏறுகிறது. கரையிலிருந்து ஒருவன் கயிறு வீசுகிறான். தோணியிலிருந்தவள் அதைப் பிடித்துவிட்டாள், கடைக்குள் எல்லாரும் மூச்சு விட்டார்கள். அத்தியாயத்தின் கடைசி வரியில் கயிறு அறுந்தது.

அந்த நேரம் பார்த்துத் திரும்புகிற பஸ் ஹாரன் அடித்தது. எல்லாரும் மனசில்லாமல் எழுந்தார்கள். பவளம் புத்தகத்தை மூடினாள். புத்தகம் கட்ட எடுத்த கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டே இவ்வளவு நேரமும் நின்றிருந்த நானா கத்தினார்: "புள்ளய வெள்ளத்துல விட்டுட்டு எங்க போறீங்க எல்லாரும்? பஸ் போனா போகட்டும், நான் லொறி புடிச்சு அனுப்புறேன். மகள், அந்தக் குடையெல்லாம் ஆணியில தொங்க விடலாம், நீ மொதல்ல அடுத்த அத்தியாயத்த வாசிக்கச் சொல்லு!"

குடைகள் முகட்டில் தொங்கின, அலமாரி அதே இடத்தில் நின்றது. அன்றிலிருந்து யாராவது வந்து "லீவுக்கு எம் புள்ளைக்கு ஒரு புத்தகம் சொல்லுங்க" என்றால், வயதைக் கேட்பதற்கு முன்னால் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "உங்க லயத்துல எத்தன காம்பரா?"